பள்ளி, சமுதாயக் கூடம், பூங்கா மூன்றும் ஒரே வளாகத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப் பள்ளி வரப்போகிறது, கூடவே சமுதாயக் கூடமும் பூங்காவும் அதே இடத்தில் என்று பேச்சு கிளம்பியதும் பெற்றோர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார், காலையில் நடக்கப் போகிறவர்கள் என்று ஆளுக்கொரு கேள்வியோடு வருவார்கள். எந்த ஊராக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே சில பதில்கள் நீளம், சில இரண்டு வரியில் முடிந்துவிடும். இந்த மாதிரித் திட்டங்கள் சொதப்புவது வரைபடத்தால் அல்ல, நேரத்தையும் சாவியையும் யாரும் பேசி முடிக்காததால்தான் என்பது என் கட்சி. அந்தச் சாய்வு பதில்களில் தெரியும், மறைக்கவில்லை.

மூன்றையும் ஏன் ஒன்றாகக் கட்ட வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு. பள்ளி வருடத்தில் ஏறக்குறைய 200 நாள், நாளைக்கு 7 மணி நேரம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,400 மணி நேரம். ஒரு வருடத்தில் இருப்பதோ 8,760 மணி நேரம். தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு, காலை 6 முதல் இரவு 9 வரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நான்கில் மூன்று பங்கு நேரம் அந்த மைதானமும் அரங்கும் பூட்டியே கிடக்கும். சமுதாயக் கூடத்துக்கு நேர் எதிர். வேலை நாள் பகலில் ஈ ஓட்டும். மாலையிலும் விடுமுறையிலும் இடம் போதாது. இரண்டுக்கும் தனித்தனியாக அரங்கு, தனித்தனியாகக் கழிப்பறை, தனித்தனியாக வாகன நிறுத்தம் கட்டுவதற்குப் பதில் ஒன்றையே நேரம் பிரித்துப் பயன்படுத்தலாம்.

மிச்சமாவது முக்கியமாக நிலம். பணமும் மிச்சமாகும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. இரண்டு மடங்கு நேரம் ஓடும் கட்டடத்தின் தரை, கதவு, குழாய் எல்லாம் அதற்கேற்றபடி சீக்கிரம் தேயும். அதையும் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இது எங்கேயாவது நடந்திருக்கிறதா, இல்லை புதுச் சோதனையா?

நூறு வருடத்துக்கு மேல் பழைய யோசனை. 1907-இல் அமெரிக்காவின் கேரி நகரப் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்ற வில்லியம் வர்ட், பள்ளிக் கட்டடம் எந்நேரமும் பயன்பட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். வகுப்பறை, பட்டறை, விளையாட்டுத் திடல் என்று பிள்ளைகளைச் சுழற்சியில் அனுப்பினார். மாலையில் அதே இடங்கள் பெரியவர்களுக்கு. 1935-இல் அதே நாட்டின் ஃபிளின்ட் நகரில் ஃபிராங்க் மேன்லி என்ற உடற்கல்வி ஆசிரியர், தொழிலதிபர் சார்லஸ் ஸ்டீவர்ட் மாட்டின் பண உதவியோடு, பள்ளிக் கதவுகளை மாலையிலும் திறந்து வைக்க ஆரம்பித்தார்.

கட்டும்போதே இதற்காகத் திட்டமிட்டவர் என்றால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கல்விச் செயலராக இருந்த ஹென்றி மோரிஸ். பகலில் பள்ளி, மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு, நூலகம், கூட்ட அரங்கு என எல்லாம் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும் என்று 1924-இல் எழுதினார். முதல் 'கிராமக் கல்லூரி' 1930-இல் சாஸ்டனில் திறந்தது. 1939-இல் வந்த இம்பிங்டன் கட்டடத்தை வடிவமைத்தவர்கள் வால்டர் குரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃபிரையும். நகரத் திட்டமிடுபவர்கள் பக்கத்தில் கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் போட்ட குடியிருப்புத் திட்டத்தில் நட்ட நடுவில் தொடக்கப்பள்ளி, அதையொட்டிச் சமுதாய வசதிகள், மொத்தப் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு பூங்காவும் திடலும். பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமல் நடந்தே வர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

கனடாவின் வான்கூவரில் 1976-இல் திறந்த பிரிட்டானியா வளாகத்தில் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, நூலகம், நீச்சல்குளம், பனிச்சறுக்கு அரங்கு எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. ஆக, 'முடியுமா' என்ற கேள்விக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. 'எப்படி நடத்துவது' என்பதுதான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டியது.

எதிலிருந்து தொடங்குவது? ஆர்க்கிடெக்ட்டைப் பிடிப்பதா?

அவசரப்படாதீர்கள். முதலில் தலை எண்ணிக்கை. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பதை ஊகத்தில் சொல்லக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் போன ஐந்தாறு வருடங்களில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவர்களில் எத்தனை பேர் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள், முதல் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள் என்று விகிதம் போட்டு முன்னோக்கி நகர்த்துவார்கள். உதாரணத்துக்கு, பிறந்த 100 பேரில் 80 பேர்தான் உள்ளூர்ப் பள்ளிக்கு வருகிறார்கள் என்றால், மற்ற 20 பேர் எங்கே போனார்கள் என்று விசாரிப்பது ஆயிரம் கருத்துப் படிவங்களைவிட உபயோகமானது. புதுக் குடியிருப்புகள் கட்டப்படுகின்றன என்றால் அந்த எண்ணிக்கையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். பத்து நிமிட நடையில் நல்ல அரங்கு ஒன்று பாதி நாள் காலியாக இருந்தால் இன்னொன்று எதற்கு?

எவ்வளவு இடம் வேண்டும்?

ஆசைப்படுவதையெல்லாம் வரைபடத்தில் அளவோடு ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். சுற்றி 2 மீட்டர் காலி இடம் விட்டால் 32-க்கு 19. உள்ளரங்கில் கைப்பந்தும் ஆட வேண்டுமென்றால் தலைக்கு மேல் குறைந்தது 7 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். சாதாரணக் கூட்ட அரங்கு உயரத்தில் கட்டிவிட்டு அப்புறம் வலை கட்டலாம் என்று நினைத்தால் பந்து விளக்கில்தான் போய் முட்டும். பெரியவர்களுக்கான கால்பந்துத் திடல் 105-க்கு 68 மீட்டர். சிறுவர்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

எல்லோரும் முதலில் கேட்பது 400 மீட்டர் ஓடுதளம். அது ஒன்றே ஏறக்குறைய 177-க்கு 93 மீட்டர், அதாவது சுமார் 4 ஏக்கர் விழுங்கும். நடுவில் கால்பந்து ஆடலாம் என்பது உண்மை. ஆனால் இடம் குறைவான வளாகத்தில் அதை வைத்தால் பூங்கா என்று சொல்ல ஓரத்தில் நான்கு பெஞ்சுதான் மிஞ்சும். நேராக ஒரு 100 மீட்டர் தடமும், மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் நடைபாதையும் போதும் என்பேன். திடலின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். இல்லையென்றால் மாலையில் ஒரு பக்கக் கோல் காப்பாளர் சூரியனைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

எது எங்கே வர வேண்டும்?

கட்டடங்களை மூலைக்கொன்றாக வைத்துவிட்டு நடுவில் பூங்கா என்று வரைவது பார்க்க அழகாக இருக்கும், நடத்தத் தொந்தரவு. நடைமுறையில் நிற்பது வேறு ஒழுங்கு: தெருவை ஒட்டிப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள், அதாவது அரங்கு, விளையாட்டுக் கூடம், சமையலறை, இரண்டு மூன்று கூட்ட அறைகள். அதற்குப் பின்னால் ஒரே ஒரு கதவு வரிசை. அதைத் தாண்டினால் பிள்ளைகளுக்கு மட்டுமான வகுப்பறைகளும் சின்னப் பிள்ளைகளின் முற்றமும். மாலை அந்தக் கதவு வரிசையைப் பூட்டினால் பள்ளி தூங்கும், முன்பக்கம் விழித்திருக்கும்.

இதில் கோட்டைவிடும் விஷயம் கழிப்பறை. அரங்குக்கான கழிப்பறை பூட்டிய பக்கத்தில் போய்விட்டால் எல்லாம் போச்சு. மாலை வகுப்புக்கு வந்த ஒருவருக்காகப் பள்ளி முழுவதையும் திறக்க வேண்டிவரும். பூங்காவுக்கும் வெளியிலிருந்தே போகிற மாதிரி ஒன்று வேண்டும். முதல் வரைபடம் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, பூட்டும் கோட்டை, அதாவது அந்தக் கதவு வரிசையை, ஒரே இழுப்பில் வரையச் சொல்லிப் பாருங்கள். பேனா எத்தனை இடத்தில் தடுமாறுகிறதோ, அத்தனை இடத்தில் பின்னால் பிரச்சினை. மின்சாரம், குளிரூட்டல், தீ எச்சரிக்கை, திருட்டு அலாரம் எல்லாமே அந்தக் கோட்டின்படி இரண்டாகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் பத்துப் பேரின் யோகா வகுப்புக்காக முப்பது வகுப்பறைக்கும் குளிர் ஓடும்.

யார் யாரோ வந்து போகும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்குமா?

பெற்றோரின் முதல் கேள்வி இதுதான், நியாயமானதும்கூட. 'பயப்படாதீர்கள்' என்று தட்டிக்கழிக்கிற திட்டக்குழுவை நம்ப வேண்டாம். 2001 ஜூன் 8 அன்று ஜப்பானின் இகேதா நகரில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள், திறந்திருந்த வாசல் வழியாகக் கத்தியோடு நுழைந்த ஒருவன் 8 குழந்தைகளைக் கொன்றான். அதுவரை திறந்த பள்ளி என்ற எண்ணத்தைப் பெருமையாகப் பேசிவந்த நாடு அதற்குப் பிறகு வாசல்களைப் பூட்ட ஆரம்பித்தது. ஆனால் பகிர்வு வளாகங்களைக் கைவிடவில்லை. சைத்தாமா மாகாணத்தின் ஷிகி நகரில் தொடக்கப்பள்ளி, பொது நூலகம், சமுதாயக் கற்றல் மையம் மூன்றும் சேர்ந்தே இயங்குகின்றன. மாறியது, வருகிறவரை எந்த இடத்தில் யார் பார்க்கிறார்கள் என்பது.

பாதுகாப்பை அடுக்கடுக்காக யோசியுங்கள். வெளி அடுக்கு பூங்கா, யாரும் வரலாம். அடுத்தது பகிரும் கட்டடம்; வரவேற்பு மேசையைத் தாண்டித்தான் போக முடியும். உள்ளே பள்ளி, வகுப்பு நேரத்தில் பெயர் பதிந்து அடையாள அட்டை வாங்கியவர் மட்டும். வரவேற்பு மேசை என்றால் மூலையில் ஒரு ஜன்னல் அல்ல. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வாசலும், பள்ளிப் பக்கக் கதவும், பூங்காப் பாதையும் எழுந்திருக்காமலே தெரிய வேண்டும். அந்த நாற்காலியின் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை வரையச் சொன்னாலும் தப்பில்லை.

உயர்ந்த சுவர் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சுவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். கம்பி வேலியும், முட்டி உயரத்துக்கு மேல் வளராத செடியும், தாழ்ந்த கிளைகளை வெட்டிய மரமும் இருந்தால் பத்துப் பேர் கண்ணில் படும். சின்னப் பிள்ளைகளின் முற்றம் மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தனி வேலி, தனிக் கதவு, வெளியிலிருந்து கைநீட்டித் திறக்க முடியாத தாழ்ப்பாள்.

நேரத்தைப் பிரிப்பதும் பாதுகாப்புதான். பகலில் முதியோர் வகுப்பு நடக்கட்டும், ஆனால் பள்ளி இடைவேளைக்கும் அவர்கள் வந்து போகும் நேரத்துக்கும் நடுவே கால் மணி நேரமாவது விடுங்கள். மாலையில் விளையாட்டுப் பயிற்சி, நடனம், தனிப்பாடம் என்று பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். ஆசிரியருக்கு இருக்கும் விதி வாடகைக்கு அரங்கு எடுத்தவருக்கும் பொருந்த வேண்டும். ஓட்டை அங்கேதான் விழும்.

பள்ளி நேரத்தில் பூங்காவுக்குப் பொதுமக்கள் வரலாமா?

பூங்கா முழுவதையும் மூடக் கூடாது. பள்ளிக்கு என ஒதுக்கிய திடலை மட்டும் அந்த நேரத்தில் மூடலாம். எது எப்போது மூடியிருக்கும் என்று வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

சாவி யாரிடம் இருக்கும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி.

மாலை 6 மணி. பூப்பந்துக் குழு மட்டையோடு வந்து நிற்கிறது. அரங்குக்குள் நாளைய தேர்வுக்காக மேசைகள் வரிசையாகப் போட்டுக் கிடக்கின்றன. காவலாளி 5 மணிக்கே போய்விட்டார். கூடத்தின் மேலாளர் பள்ளி அலுவலகத்துக்கு அழைக்கிறார், யாரும் எடுக்கவில்லை. தலைமையாசிரியருக்கோ மாலை முன்பதிவு நடந்ததே தெரியாது. குழுவினர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்; அதைத் தரும் அதிகாரம் அங்கே இருக்கும் யாருக்கும் இல்லை. இதில் யாரும் கெட்டவர் இல்லை. எழுதி வைக்காததுதான் குறை.

அதனால் கூட்டுப் பயன்பாட்டு ஒப்பந்தம் ஒன்று, அடிக்கல் நாட்டும் முன்பே கையெழுத்தாக வேண்டும். எந்த அறை எந்த நேரத்தில் யாருக்கு, மோதல் வந்தால் யாருக்கு முன்னுரிமை, எத்தனை நாளுக்கு முன் சொன்னால் பள்ளி அரங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், உடைந்தால் யார் செலவு, மாலையில் யார் சுத்தம் செய்வது, காப்பீடு யார் பெயரில், முன்பதிவு எந்த ஒரே பதிவேட்டில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'ஒரே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக்கு ஒரு நாட்காட்டி, கூடத்துக்கு ஒரு நாட்காட்டி என்று வைத்தால் மேலே சொன்ன மாலை வாரம் ஒருமுறை வரும்.

முன்மாதிரிகள் உண்டு. நியூயார்க்கில் பள்ளி நிர்வாகமும் பூங்காத் துறையும் சேர்ந்து நடத்தும் விளையாட்டுத் திடல்கள் 1938 முதல் இருக்கின்றன. 2007-இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் பள்ளி முற்றங்களைப் பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் திறந்துவிட்டார்கள். பிரிட்டானியாவில் நகராட்சி, பள்ளி வாரியம், பூங்கா வாரியம், நூலகம் எல்லாம் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அன்றாட நிர்வாகத்தை உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சங்கத்திடம் விட்டிருக்கின்றன. இரண்டு துறைக்கும் நடுவில் நிற்க ஒரு வளாக மேலாளரைச் சம்பளம் கொடுத்து வைப்பது செலவுதான். வைக்காவிட்டால் அந்த வேலை தலைமையாசிரியர் தலையில் விழும், அவர் இரண்டாவது வருடமே எல்லாக் கதவையும் சாத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன கவலை?

கட்டும் செலவு ஒருமுறை வருவது. சம்பளம், மின்சாரம், சுத்தம், பழுது என்று அடுத்த நாற்பது ஐம்பது வருடத்துக்கு வருவதைக் கூட்டிப் பார்த்தால் அது கட்டிய செலவைத் தாண்டிவிடும். ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் இதைப் பேச மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கொலம்பியாவின் மெடலின் நகரில் ஏழ்மையான மலைக்குடியிருப்பு ஒன்றில் 2007-இல் திறந்த எஸ்பான்யா நூலகப் பூங்கா உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வெளிச்சுவர்க் கற்களிலும் கட்டமைப்பிலும் குறைகள் தெரியவந்து பத்து வருடங்களுக்குள் மூட வேண்டியதாயிற்று. ஊரே கொண்டாடிய யோசனை நல்லதுதான். ஆனால் கதவு மூடியிருந்தால் பயன்படுத்தியவர்களுக்கு என்ன லாபம்?

பள்ளிப் பக்கத்துக்கும் பொதுப் பக்கத்துக்கும் தனித்தனி மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் வையுங்கள். மாத பில்லைப் பங்கு பிரிக்கும் தகராறு மீட்டர் விலையைவிட அதிகம். கூரை, லிஃப்ட், செயற்கைப் புல் மாதிரி ஒருநாள் மாற்றியே ஆக வேண்டியவற்றுக்கு முதல் வருடத்திலிருந்தே தனி நிதியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

எந்த அறைகளைப் பகிரலாம்?

அரங்கு, விளையாட்டுக் கூடம், இசை அறை, பட்டறை, சமையலறை, கணினி அறை, வெளித் திடல்: பகிரலாம். தொடக்கப்பள்ளி வகுப்பறை: வேண்டாம்.

காரணம் இது. திங்கள் காலை ஆசிரியர் வகுப்புக்குள் நுழைகிறார். மேசைகள் வேறு ஒழுங்கில் கிடக்கின்றன. 'அழிக்க வேண்டாம்' என்று ஓரத்தில் எழுதியிருந்த படம் பலகையில் பாதிதான் இருக்கிறது. ஜன்னல் ஓரம் முளைக்க வைத்த விதை டம்ளர்களில் இரண்டைக் காணோம், ஒன்று கவிழ்ந்து காய்ந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. அறையைப் பயன்படுத்தியவர்கள் நல்ல எண்ணத்தோடு இடம் ஒதுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படி நடந்தால் ஆசிரியர்கள் மொத்தத் திட்டத்துக்கும் எதிரியாகிவிடுவார்கள்.

பகிரும் அறைகளிலும் பொருள் வைக்கும் இடம்தான் உயிர்நாடி. ஒவ்வொரு குழுவுக்கும் பூட்டு போட்ட அலமாரி வேண்டும். வரைபடத்தில் முதலில் வெட்டுப்படுவது சேமிப்பு அறை, திறந்த பிறகு முதலில் கேட்கப்படுவதும் அதே சேமிப்பு அறை.

பள்ளி நூலகத்தையும் பொது நூலகத்தையும் ஒன்றாக்கலாமா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். பகல் வேளையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர் பள்ளி அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் வர மாட்டார். வளர்ந்தவர்களுக்கான புத்தகங்களைப் பள்ளியில் வைக்கலாமா என்ற வாதமும் கிளம்பும். தெருவைப் பார்த்த தனி வாசல், முழு நேர நூலகர், பள்ளி வகுப்புகளுக்குத் தனி மூலை இந்த மூன்றும் உறுதியானால் செய்யலாம். ஒன்று குறைந்தாலும் பிரித்தே வையுங்கள்.

சத்தம் வகுப்பைக் கெடுக்காதா?

கெடுக்கும், திட்டமிடாவிட்டால். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வகுப்பு நடக்கும்போது அறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. எதிரொலி அடங்கும் நேரம் சுமார் 0.6 வினாடி. ஆசிரியர் குரல் பின்னணியைவிட 15 டெசிபலாவது மேலே இருந்தால்தான் பிள்ளைகளுக்குச் சொல் தெளிவாகக் கேட்கும். அரங்கில் நடக்கும் நடனப் பயிற்சியின் தாளம் சுவர் வழியாக வந்தால் இது நடக்காது. அரங்குக்கும் வகுப்பறைக்கும் நடுவில் சேமிப்பு அறை, தாழ்வாரம், கழிப்பறை போன்றவற்றைப் போட்டால் அவையே சத்தத்தைத் தடுக்கும். சேமிப்பு அறைக்கு இது இன்னொரு நியாயம்.

சத்தம் வெளியேயும் போகும். இரவுத் திடல் விளக்கும் ஒலிபெருக்கியும் எத்தனை மணிக்கு அணையும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

இருக்கும் மரங்களை வெட்டிவிடுவார்களா?

வரைபடம் தொடங்கும் முன்பே மரங்களை அளந்து குறித்துவிட்டால் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். பிரிட்டிஷ் தர விதியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை எடுங்கள், அதைப்போல 12 மடங்கு ஆரத்தில் வட்டம் போடுங்கள். அதற்குள் தோண்டவோ, மண் கொட்டவோ, வண்டி ஏற்றவோ கூடாது. 50 சென்டிமீட்டர் குறுக்களவு மரம் என்றால் ஆரம் 6 மீட்டர். மரம் நிற்கிறதே என்று அடிமரத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டுவார்கள். ஜல்லி லாரி வேர் மேல் ஏறி இறங்கி மண்ணை இறுக்கிவிடும், கட்டடம் திறந்து இரண்டு மூன்று வருடத்தில் மரம் மேலிருந்து காய ஆரம்பிக்கும். அப்போது காண்ட்ராக்டர் எங்கேயோ இருப்பார்.

பாரிஸில் 2018-இல் தொடங்கிப் பள்ளி முற்றங்களின் தாரைப் பெயர்த்து மண்ணும் மரமும் வைக்கிறார்கள். வெயில் காலத்தில் குளிர்ந்த இடமாக அக்கம்பக்கத்துக்கும் திறப்பது நோக்கம். நீங்கள் புதிதாகக் கட்டுகிறீர்கள். முதலில் தார் போட்டு அப்புறம் பெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மழைத் தண்ணீர் தேங்குமே?

தேங்கட்டும், தேங்க வேண்டிய இடத்தில். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஒரு கல்லூரிக்கு அருகே 2013-இல் கட்டிய பெந்தம்பிளைன் சதுக்கம் வெயிலில் விளையாட்டுத் திடல், கனமழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. வடிவமைப்புப் பேச்சில் மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவின் தாழ்ந்த பகுதியை இப்படி ஒதுக்கலாம். தண்ணீர் ஒரு நாளுக்குள் வடிய வேண்டும், இல்லையென்றால் கொசு.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு?

சாய்தளம் 12 மீட்டர் ஓட்டத்துக்கு 1 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது. முடிந்தால் இன்னும் சாய்வு குறைவாக இருக்கட்டும். நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். இதெல்லாம் விதிப் புத்தகத்தில் வந்துவிடும். வராதது: பின்வாசல் வழியாகச் சாய்தளம் வைப்பது. எல்லோரும் நுழையும் வாசலே படி இல்லாத வாசலாக இருக்க வேண்டும். முதியவர்களுக்கு அடிக்கடி பெஞ்ச், அதில் கைப்பிடி. கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் சிலரால் எழுந்திருக்க முடியாது.

காலையும் மாலையும் வண்டி நெரிசல் தாங்குமா?

பள்ளிக்கும் கூடத்துக்கும் உச்ச நேரம் வேறு என்பதால் ஒரே வாகன நிறுத்தம் போதும் என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் இரண்டும் மோதும்: பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவரும், மாலை வகுப்புக்கு வருகிறவரும் ஒரே அரை மணியில். மாலை நிகழ்ச்சிகளை அரை மணி தள்ளித் தொடங்கினால் புது ரோடு போடுவதைவிட மலிவு. நடந்தும் சைக்கிளிலும் வருகிற பிள்ளைக்கு வண்டி குறுக்கிடாத தனி வாசல் பூங்கா வழியாக இருக்கட்டும். பூங்காவைப் பக்கத்தில் வைத்ததன் பெரிய லாபங்களில் அது ஒன்று.

எங்கள் கருத்தை உண்மையாகவே கேட்பார்களா?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகைப்படுத்தினார். கீழ்ப்படியில் கேட்பது போல நடிப்பது, மேல்படியில் மக்களே முடிவெடுப்பது. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: 'இன்னும் எதெல்லாம் முடிவாகவில்லை?' பதில் வண்ணமும் பெயரும் என்றால் கூட்டம் சடங்கு. பூட்டும் கோடும் நேர அட்டவணையும் இன்னும் திறந்திருக்கிறது என்றால் வேலையை விட்டுவிட்டாவது போங்கள்.

பிள்ளைகளிடம் 'என்ன வேண்டும்' என்று கேட்டால் நீச்சல்குளம் என்பார்கள். இப்போதைய பள்ளியில் எங்கே ஒளிந்துகொள்வீர்கள், எங்கே போகப் பயம் என்று கேளுங்கள். அதில் வரைபடத்துக்கு வேண்டியது கிடைக்கும்.

எவ்வளவு காலம் ஆகும்?

நிலம் கையில் இருந்தால் நான்கைந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டுவது பாதிதான், மற்றது பேச்சு, அனுமதி, டெண்டர். முடிந்தால் பூங்காவின் ஒரு பகுதியை முதலில் திறந்துவிடலாம். மரம் வளர நேரம் கிடைக்கும், வருடக்கணக்கில் தகர வேலியை மட்டும் பார்க்கும் எரிச்சலும் குறையும்.

இருபது வருடம் கழித்துப் பிள்ளைகள் குறைந்துவிட்டால்?

பிறப்பு குறைந்த நாடுகளில் இது இப்போதே நடக்கிறது. ஜப்பானில் காலியான வகுப்பறைகளை முதியோர் பகல் பராமரிப்புக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் மாற்றியிருக்கிறார்கள். தனிப் பள்ளியைவிடக் கூட்டு வளாகத்தில் இது எளிது. பூட்டும் கோட்டை இரண்டு வகுப்பறை உள்ளே தள்ளினால் அந்த இரண்டும் பொதுப் பக்கம் வந்துவிடும். அதற்கு இப்போதே இரண்டு ஏற்பாடு: உள்சுவர்கள் கூரையின் பாரத்தைத் தாங்காதவையாக இருக்க வேண்டும், கோட்டுக்கு அருகிலுள்ள வகுப்பறைகளுக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேண்டும். ஒப்பந்தத்திலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அறைப் பங்கீட்டைத் திருத்தும் பிரிவைச் சேர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தை யார் கூட்ட வேண்டும் என்று பதவியின் பெயரோடு எழுதுங்கள், ஆளின் பெயரோடு வேண்டாம். ஆள் மாறிப் போவார்.